மழையில் டிஷ் கைவிடுகிறது, செல்போன் கைவிடுவதில்லை: ஏன்?

கோடை மழை கொட்டத் தொடங்கிய சில நிமிடங்களில் தொலைக்காட்சிப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, உறைகிறது, கடைசியில் “சிக்னல் இல்லை” என்ற அறிவிப்பு வந்து நிற்கிறது. அதே வீட்டில் செல்போன் அழைப்பு தடையில்லாமல் போகிறது. ஃபைபர் இணையமும் ஓடிக்கொண்டிருக்கிறது. இருந்தும் “மழை வந்தால் சிக்னல் போய்விடும்” என்று மூன்றையும் ஒரே வாக்கியத்தில் மூட்டை கட்டிவிடுகிறோம். மேகம் டிஷ்ஷை மறைக்கிறது, காற்றில் ஈரம் ஏறிவிட்டது, மின்னல் அலைகளைக் குழப்புகிறது என்று காரணங்களும் தாராளமாகக் கிடைக்கும்.

மழை எல்லா அலைகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. அலை எவ்வளவு நீளமானது, துளி எவ்வளவு பெரியது, மழை எவ்வளவு வேகமாகப் பெய்கிறது, அந்த மழைக்குள் அலை எத்தனை கிலோமீட்டர் போகிறது என்ற நான்கு கேள்விகளையும் கேட்டால்தான் எது நிற்கும், எது ஓடும் என்று சொல்ல முடியும்.

அலையின் நீளம்

ரேடியோ அலை, மைக்ரோவேவ், ஒளி எல்லாமே ஒரே குடும்பம்தான். மூன்றும் மின்காந்த அலைகள். ஒரு நொடியில் அலை எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதே அதிர்வெண். நொடிக்கு நூறு கோடி முறை என்றால் ஒரு கிகாஹெர்ட்ஸ். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட தூரம் அலைநீளம். அதிர்வெண் கூடக் கூட அலைநீளம் குறையும். கணக்கும் எளிது: 300-ஐக் கிகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மில்லிமீட்டரில் வந்துவிடும்.

இப்போது நம்மைச் சுற்றியுள்ளவற்றை அளந்து பார்க்கலாம். 900 மெகாஹெர்ட்ஸில், அதாவது 0.9 கிகாஹெர்ட்ஸில், இயங்கும் செல்போன் அலையின் நீளம் சுமார் 33 சென்டிமீட்டர். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 12.5 சென்டிமீட்டர். மொட்டைமாடியில் இருக்கும் சிறிய டி.டி.எச். டிஷ், கே.யு. பேண்ட் எனப்படும் அலைவரிசையில் ஏறத்தாழ 11, 12 கிகாஹெர்ட்ஸில் வாங்குகிறது. அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர். கோபுரத்துக்குக் கோபுரம் பெருந்தரவை அனுப்பும் 80 கிகாஹெர்ட்ஸ் இணைப்புகளில் அது நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஃபைபரிலும் லேசர் இணைப்புகளிலும் ஓடும் அகச்சிவப்பு ஒளியின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குதான்.

மழைத்துளியின் பக்கம் வந்தால், தூறலில் துளியின் விட்டம் அரை மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். கனமழையில் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துளிகள் சாதாரணம். ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் வளர்ந்தால் விழும்போதே உடைந்துவிடும். (படங்களில் வரைவதுபோல் மழைத்துளிக்கு மேலே கூர்மையான வால் கிடையாது. பெரிய துளிகள் காற்றின் எதிர்ப்பில் அடி தட்டையாகி, பக்கவாட்டில் அகன்றே விழுகின்றன.)

ஏரியில் ஊன்றிய மூங்கில் கழியைக் கவனித்திருப்பீர்கள். நீளமான பெரிய அலை கழியைச் சுற்றி வழிந்து, அது அங்கே இல்லாததுபோல் கடந்துபோகும். கழியின் பருமனை ஒத்த சிற்றலைகள் வந்தால் அதில் மோதி நாலாபக்கமும் உடைகின்றன. கழி மாறவில்லை, அதைச் சந்திக்க வந்த அலையின் அளவு மாறியிருக்கிறது. மழைத்துளிக்கும் மின்காந்த அலைக்கும் உள்ள உறவில் முதல் பாதி இதுதான். 33 சென்டிமீட்டர் அலைக்கு மூன்று மில்லிமீட்டர் துளி ஒரு பொருட்டே இல்லை. நான்கு மில்லிமீட்டர் அலைக்கு அதே துளி நேருக்கு நேர் நிற்கும் தடை.

துளிக்குள் நடப்பது

அலை துளியைச் சந்திக்கும்போது அதன் ஆற்றல் இரண்டு வழிகளில் போகிறது.

ஒன்று சிதறல். அலையின் ஒரு பகுதி வேறு திசைகளுக்குத் திருப்பி விடப்படுகிறது. ஆற்றல் அழியவில்லை, ஆனால் நம் டிஷ்ஷுக்கு வரவேண்டியது வேறெங்கோ போய்விட்டது. பின்னோக்கிச் சிதறும் அந்தச் சிறு பகுதியைப் பிடித்துத்தான் வானிலை ரேடார் மழை எங்கே இருக்கிறது என்று பார்க்கிறது.

மற்றொன்று உட்கவர்தல். நீர் மூலக்கூறின் ஒரு முனை சற்றே நேர்மின் தன்மையும் மறுமுனை சற்றே எதிர்மின் தன்மையும் கொண்டது. அலையின் மின்புலம் திசை மாறும்போதெல்லாம் மூலக்கூறும் அதன் பக்கம் திரும்பப் பார்க்கும். 12 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 1,200 கோடி முறை. அந்த வேகத்தில் மூலக்கூறுகள் பின்தங்குகின்றன, ஒன்றோடொன்று உரசுகின்றன, அலையின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. துளி கண்ணுக்குத் தெரியும்படி சூடாவதில்லை. செயற்கைக்கோளிலிருந்து வரும் ஆற்றல் அவ்வளவு சொற்பம்.

இங்கே ஒரு பரவலான தவறான கருத்தைக் கையோடு கழித்துவிடலாம். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. ஆகவே நீருக்கும் அந்த அதிர்வெண்ணுக்கும் ஏதோ தனிப் பொருத்தம் இருக்கிறது, அதனால் மழையில் வைஃபையும் செல்போனும்தான் அதிகம் பாதிக்கப்படும் என்று பலர் எழுதுகிறார்கள். அப்படியொரு தனிப் பொருத்தம் இல்லை. திரவ நீரின் மூலக்கூறுகள் மிக அதிகமாகத் தடுமாறுவது ஏறத்தாழ 20 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். அடுப்புக்கு 2.45 போதும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஒரு கிண்ணம் நிறையச் சாப்பாடு, மேலே பாய்வது நூற்றுக்கணக்கான வாட். மழையில் கதை வேறு. மணிக்கு 100 மில்லிமீட்டர் என்ற வேகத்தில் கொட்டும் பேய்மழையிலும் ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் நீர் நான்கு கிராம் அளவுதான். ஒரு தேக்கரண்டிகூட நிரம்பாது.

நீர் பனிக்கட்டியாகிவிட்டால் நிலைமை தலைகீழ். உறைந்த நீரில் மூலக்கூறுகள் இடத்தில் பூட்டப்பட்டுவிடுகின்றன. அலைக்கு ஏற்பத் திரும்ப முடியாது. அதனால் உலர்ந்த ஆலங்கட்டியும் உறைபனியும் அதே அளவு மழையைவிட மிகக் குறைவாகவே அலையை விழுங்குகின்றன.

சுருக்கமாக: நீண்ட அலைகள் மழைத்துளிகளைக் கண்டுகொள்வதில்லை. 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போகப்போக, சிதறலும் உட்கவர்தலும் சேர்ந்து அலையைத் தின்கின்றன. திரவத் துளிதான் பிரச்சினை. பனிக்கட்டி பெரிய பிரச்சினை இல்லை.

டெசிபல் என்ற அளவுகோல்

இழப்பைப் பொறியாளர்கள் டெசிபலில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம். 3 டெசிபல் இழப்பு என்றால் வந்து சேர்வது பாதி. 10 டெசிபல் என்றால் பத்தில் ஒரு பங்கு, 20 என்றால் நூறில் ஒன்று, 30 என்றால் ஆயிரத்தில் ஒன்று. கிலோமீட்டருக்கு இத்தனை டெசிபல் என்று தெரிந்தால், தூரத்தால் பெருக்கிவிட்டால் போதும்.

மழையின் வேகத்தை மழைச்செறிவு என்கிறோம்: அந்த நொடியில் பெய்வதுபோலவே ஒரு மணி நேரம் பெய்தால் எத்தனை மில்லிமீட்டர் சேரும் என்ற கணக்கு. மணிக்கு 100 மில்லிமீட்டர் செறிவில் 2 கிகாஹெர்ட்ஸ் அலை கிலோமீட்டருக்கு இழப்பது ஏறத்தாழ 0.01 டெசிபல், அதாவது ஒன்றுமில்லை. 4 கிகாஹெர்ட்ஸில் 0.2-க்கும் குறைவு. 12 கிகாஹெர்ட்ஸில் ஐந்தரை. 80 கிகாஹெர்ட்ஸில் சுமார் 30. அதே மழை, அதே கிலோமீட்டர்.

இந்தச் செறிவு விஷயத்தில்தான் செய்தித்தாள் மழைக்கணக்கு நம்மைத் திசைதிருப்புகிறது. “24 மணி நேரத்தில் 10 சென்டிமீட்டர்” என்று படிக்கும்போது அன்று டிஷ் நாள் முழுக்க இறந்துகிடந்திருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்த மழை வடகிழக்குப் பருவமழையின் சீரான அடைமழையாக, மணிக்கு நான்கு மில்லிமீட்டர் வீதம் பெய்திருந்தால் டி.டி.எச். அலைக்குக் கிலோமீட்டருக்கு 0.12 டெசிபல் அளவுதான் இழப்பு. படம் அசையாமல் ஓடும். மாறாக, ஒரு மே மாத மாலையில் இடியோடு கால் மணி நேரம் மணிக்கு 100 மில்லிமீட்டர் செறிவில் கொட்டினால் மழைமானியில் சேர்வது இரண்டரை சென்டிமீட்டர்தான். படமோ போயே போய்விடும். டிஷ்ஷுக்கு மொத்த மழை முக்கியமே இல்லை. வேகம்தான் முக்கியம்.

36,000 கிலோமீட்டரில் கடைசி ஐந்து

தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. அத்தனை தூரத்தையும் கடந்து வரும் அலை மழையைச் சந்திப்பது கடைசி ஐந்து கிலோமீட்டரில் மட்டும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதிகளில் ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குப் போய்விடுகிறது. அதற்கு மேலே மேகத்தில் இருப்பது பெரும்பாலும் பனிக்கட்டி. இடிமேகம் பதினைந்து கிலோமீட்டர் உயர்ந்து நின்றாலும், அலைக்குக் கணக்கு அதன் கீழ்ப்பகுதியோடுதான்.

மணிக்கு 50 மில்லிமீட்டர் மழையில் 12 கிகாஹெர்ட்ஸுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை டெசிபல் இழப்பு. ஐந்து கிலோமீட்டருக்கு 12 டெசிபல் அளவு. வந்துசேர்வது பதினாறில் ஒரு பங்கு. வீட்டு டிஷ் போன்ற சிறிய அமைப்புக்குத் தாங்குசக்தியாக விட்டுவைக்கப்படுவது சில டெசிபல்கள்தான். முடிவு தெரிந்ததே.

மழை நம் தெருவுக்கு வருவதற்கு முன்பே படம் போய்விடுவதும் இதனால்தான். தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிற்கும் ஒரு செயற்கைக்கோள் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, சற்றுத் தெற்கே சாய்ந்து தெரியும். அந்தச் சாய்வில் ஐந்து கிலோமீட்டர் உயரத்தை எட்டும்போது அலைப்பாதை ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் தெற்கே விலகியிருக்கும். அங்கே கொட்டினால் போதும், இங்கே வாசல் காய்ந்திருந்தாலும் படம் உடையும்.

மழை இன்னொரு குறும்பும் செய்கிறது, இதை விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். தெளிந்த வானத்தை நோக்கும் டிஷ்ஷின் பின்னணி மிகக் குளிர்ந்த வெளி. அதிலிருந்து வரும் இரைச்சல், அதாவது சிக்னலோடு கலக்கும் வேண்டாத ரேடியோ அலை, குறைவு. மழையோ அறை வெப்பநிலைக்குச் சற்றுக் குறைவான ஒரு பொருள். எந்தப் பொருளும் தன் வெப்பத்துக்கு ஏற்ற மெல்லிய ரேடியோ இரைச்சலை வெளியிடும். ஆக மழை சிக்னலை விழுங்கியதோடு நிற்காமல், தன் இரைச்சலையும் டிஷ்ஷுக்குள் ஊற்றுகிறது.

பழைய அனலாக் ஒளிபரப்பில் சிக்னல் குறையக் குறையத் திரையில் புள்ளிகள் பெருகும். முகம் மங்கினாலும் கதை புரியும். டிஜிட்டலில் அந்த இரக்கம் இல்லை. பிழைதிருத்தும் முறை ஓர் எல்லை வரை எல்லாவற்றையும் சரிசெய்து கண்ணாடிபோல் படம் காட்டும். அந்த எல்லையைத் தாண்டி ஓரிரு டெசிபல் இறங்கினால் ஒன்றுமே இல்லை.

“அந்தக் காலத்தில் கேபிள் டிவி மழையிலும் ஓடுமே” என்று பெரியவர்கள் சொன்னால் அது வெறும் ஏக்கம் அல்ல. கேபிள் ஆபரேட்டர் மாடியில் வைத்திருந்த பிரம்மாண்டமான டிஷ் சி பேண்டில், அதாவது 4 கிகாஹெர்ட்ஸை ஒட்டி வாங்கியது. அந்த அலைக்கு நம் மழை பொருட்டில்லை. நீண்ட அலையைப் பிடிக்கப் பெரிய டிஷ் வேண்டும் என்பதே அதன் விலை. வீட்டுக்கு வீடு சிறிய டிஷ் வேண்டும் என்றதும் கே.யு. பேண்டுக்குப் போனோம்; மழையையும் கூடவே வாங்கிக்கொண்டோம். நியாயமான வியாபாரம் என்றே நினைக்கிறேன்.

ஒன்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். மழை நின்று அரைமணி ஆகியும் படம் வரவில்லை என்றால் குற்றவாளி வானம் அல்ல. கேபிள் இணைப்பியில் தண்ணீர் புகுந்திருக்கும், அல்லது காற்றில் டிஷ் திரும்பியிருக்கும்.

ஒளிக்கு எதிரி மூடுபனி

கண்ணாடி இழை இல்லாமல் வெட்டவெளியில் லேசர் ஒளியை அனுப்பித் தகவல் கடத்தும் இணைப்புகளும் இருக்கின்றன. ஆல்ஃபபெட் நிறுவனத்தின் தாரா திட்டம் 2021-இல் காங்கோ ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில் இருக்கும் பிராசவில், கின்ஷாசா நகரங்களை இப்படி இணைத்தது. இடையே ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆற்றைச் சுற்றிக் கேபிள் போட்டால் நானூறு கிலோமீட்டர் ஆகும்.

ஒளியின் அலைநீளத்துக்கு முன்னால் எல்லாத் துளியும் மலை. எனவே இங்கே துளியின் அளவைவிட, எல்லாத் துளிகளும் சேர்ந்து எவ்வளவு பரப்பை மறைக்கின்றன என்பதே கேள்வி. ஒரு கணக்குப் போடுங்கள். இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்றை 0.02 மில்லிமீட்டர் நுண்துளிகளாக உடைத்தால் பத்து லட்சம் கிடைக்கும். ஒவ்வொன்றின் குறுக்குப் பரப்பும் மூலத்துளியுடையதில் பத்தாயிரத்தில் ஒன்று. பெருக்கிப் பாருங்கள்: அதே நீர், மறைக்கும் பரப்போ நூறு மடங்கு.

மூடுபனி என்பது அப்படி நுணுக்கப்பட்ட நீர்தான். மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் லேசர் இணைப்பு கிலோமீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் இழக்கும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத அடர்ந்த மூடுபனியிலோ இழப்பு கிலோமீட்டருக்கு 300 டெசிபலைத் தாண்டும். நூறு மீட்டருக்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். இத்தனைக்கும் மூடுபனியில் உள்ள நீர் அந்தப் பேய்மழையில் இருப்பதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. டி.டி.எச். அலைக்கு இந்த நுண்துளிகள் ஆயிரம் மடங்கு சிறியவை; மார்கழிக் காலையில் ஊட்டியில் எதிர்வீடு தெரியாவிட்டாலும் தொலைக்காட்சி தெளிவாகத் தெரியும்.

வீட்டு ஃபைபருக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. ஒளி கண்ணாடி இழைக்குள்ளேயே எதிரொளித்து ஓடுகிறது. கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல் அளவுதான் இழப்பு, வெளியே மழையானாலும் வெயிலானாலும். மழைநாளில் ஃபைபர் நின்றால் மின்வெட்டையோ, கம்பிமேல் விழுந்த மரத்தையோ, தெருமுனைப் பெட்டியையோ சந்தேகியுங்கள்.

சுருக்கமாக: மைக்ரோவேவுக்குப் பெருந்துளி ஆபத்து, மூடுபனி ஒன்றுமில்லை. வெட்டவெளி ஒளிக்கு மழை சங்கடம், மூடுபனி சுவர்.

செல்போன் மீது விழும் பழி

நம் நாட்டின் செல்போன் சேவையில் பெரும்பகுதி 700 மெகாஹெர்ட்ஸ் முதல் 3.6 கிகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில் நடக்கிறது. 5ஜியும் பெரும்பாலும் இதற்குள்தான். போனுக்கும் கோபுரத்துக்கும் நடுவே மழை கொட்டினாலும் அலை கவலைப்படாது. அப்படியென்றால் மழையில் இணையம் ஏன் திணறுகிறது?

கோபுரம் வாங்கிய தரவை அடுத்த நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஃபைபர் இல்லாமல் 15, 18, 23 அல்லது 80 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் இணைப்பு இருந்தால் மழை அதைத்தான் பிடிக்கிறது. போனில் கோடுகள் முழுமையாக இருக்கும், ஆனால் எதுவும் இறங்காது. அந்தக் கோடுகள் முதல் கோபுரம் வரையிலான நிலவரத்தை மட்டுமே சொல்கின்றன. இதோடு மின்தடை, எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து ஒரே நேரத்தில் காணொளி பார்ப்பது ஆகியவையும் சேரும்.

நம் நாட்டின் 2022 5ஜி ஏலத்தில் விற்கப்பட்ட 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மழை உண்மையிலேயே படும்: மணிக்கு 100 மில்லிமீட்டர் மழையில் கிலோமீட்டருக்கு 16 டெசிபல் அளவு. ஆனால் இந்த அலைகள் போவதே சில நூறு மீட்டர்தான். 200 மீட்டரில் இழப்பு மூன்று டெசிபலை ஒட்டியது. சுவரும் மரமும், போனைப் பிடித்த கையும் அதைவிடப் பெரிய தடைகள்.

பொறியாளர்கள் என்ன செய்கிறார்கள்?

மழையை வெல்ல முடியாது, பேரம் பேசலாம். ஓர் இணைப்பை வடிவமைக்கும்போது, ஆண்டின் 0.01 சதவீத நேரம், அதாவது சுமார் 53 நிமிடம் மட்டுமே மீறப்படும் மழைச்செறிவு என்ன என்று அந்த ஊருக்குக் கணக்கிட்டு, அதைத் தாங்கும் அளவுக்கு வலுவை மிச்சம் வைக்கிறார்கள். வெப்பமண்டல ஊர்களுக்கு இந்த எண் பெரிது. அதே கருவி ஐரோப்பாவில் போகும் தூரம் இங்கே போகாது. இருவழி இணைப்புகள் மழை வந்ததும் வேகத்தைக் குறைத்து, பிழைக்கு அசையாத எளிய குறிமுறைக்கு மாறிக்கொள்ளும். லட்சக்கணக்கான வீடுகளுக்கு ஒரே ஒளிபரப்பை அனுப்பும் தொலைக்காட்சிக்கு அந்த வசதி இல்லை. ஒரு தெருவில் மழை என்பதற்காக ஊருக்கெல்லாம் தரத்தைக் குறைக்க முடியாது.

இழப்பிலிருந்து மழையை அளப்பது

இழப்பு மழைச்செறிவைச் சார்ந்தது என்றால், கணக்கைத் திருப்பிப் போட்டு இழப்பிலிருந்தே மழையைக் கண்டுபிடிக்கலாம் அல்லவா? இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் ஹாகித் மெசரும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் இதைச் செய்துகாட்டினார்கள். செல்போன் நிறுவனங்கள் தங்கள் கோபுர இணைப்புகளின் சிக்னல் வலுவை எப்படியும் பதிவுசெய்கின்றன. அந்தப் பதிவே மழைமானியாகிறது. 2013-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் சுமார் 2,400 இணைப்புகளை வைத்து நாடு முழுவதற்கும் மழை வரைபடம் வரைந்தார்கள்.

ரேடாரும் மழைமானியும் குறைவாக இருந்து, கோபுரங்கள் மட்டும் நிறைய இருக்கும் நாடுகளில்தான் இதற்கு மதிப்பு அதிகம். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் நடந்த சோதனையில் பயன்பட்டது 7 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு ஒன்று. அந்த அதிர்வெண்ணில் மழை இழப்பு சொற்பம். ஆனால் இணைப்பின் நீளம் 29 கிலோமீட்டர் என்பதால், துளித்துளியாகச் சேர்ந்த இழப்பு அளக்கும் அளவுக்கு வந்துவிட்டது.